மதியம் வந்து நிற்கும் வண்டி

அத்தியாயம் 11

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது, நின்ற கையோடு இன்ஜினும் அடங்கிப் போனது.

அந்த ஒரு கணம் இருக்கிறதே, அது மட்டும் அவளுக்கு இன்னும் பழகவில்லை. உறுமிக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். ஏசியின் மெல்லிய மூச்சு மட்டும் மிச்சம் இருக்கும். பச்சை விழுந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகவே மறுபடி கிளம்பும். பெட்ரோல் மிச்சம், புகை மிச்சம், ஊருக்கே நல்லது என்று சொல்லித்தான் விற்றார்கள். எல்லாம் சரி. ஆனால் கல்லூரிக் காலத்திலிருந்து கியர் வண்டி ஓட்டிய ஒருத்திக்கு நடுரோட்டில் இன்ஜின் நின்றால் ஒரே அர்த்தம்தான்: மானம் போயிற்று, பின்னால் ஹாரன் வரப்போகிறது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தக் குடும்பத்தை வாராவாரம் தொடர்ந்து வருபவர்களுக்கு அது தெரியும். புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை.

இதே காரில், இதே போன்ற ஒரு சிக்னலில்தான் அவள் கணவர் போய்ச் சேர்ந்தார். சிவப்பில் பிரேக்கை மிதித்தவர், மிதித்தபடியே சாய்ந்துவிட்டார். இதயம். கால் தளர்ந்ததும் இன்ஜின் தானாகக் கிளம்பி, வண்டி மெல்ல ஊர்ந்து போய், முன்னால் நின்ற லாரியைத் தொட்டு நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டியவர் உயிர் போன நேரத்தில் வண்டிக்கு உயிர் வந்தது என்பதை அவளால் பத்து மாதமாகியும் ஜீரணிக்க முடியவில்லை. அன்று அவர் அவளுடைய சாவியைத் தவறுதலாக எடுத்துப் போயிருந்தார். அவருடைய சாவி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. வீட்டையே தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டாள்.

அவர் இருந்தவரை இந்த நின்று கிளம்பும் தொல்லை இல்லை. காலையில் வண்டியில் ஏறியதும் முதல் வேலையாகக் கியருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன பட்டனை அழுத்திவிடுவார். அப்புறம் இன்ஜின் தானாக நிற்காது. "நான் சொல்லாம என் வண்டி நிக்கக் கூடாது" என்பார். அந்த பட்டனில் அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டு எழுத்து அழிந்திருந்தது. அதனாலேயே அவள் அதைத் தொடுவதில்லை.

போன் அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"சிக்னல்ல. அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன். நீங்க தூங்கலையா தம்பி?"

"தூக்கமா? நல்லா வந்துச்சு." அவன் சரக்குக் கிடங்கில் இரவு ஷிப்ட் பார்ப்பவன். சாயங்காலம் வாசலிலேயே அவளிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு போய், காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பகலெல்லாம் தூங்குவான். "மூணு மணிக்கு முதியோர் இல்லத்து வண்டி வருது. அப்பாவோட பெட்டியைக் கட்டி வெச்சுட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒத்துக்கிட்டார் அண்ணி. சண்டையே போடல. ஒரே ஒரு கண்டிஷன். மதியம் அண்ணன் வருவானாம். அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்புவாராம்."

பின்னால் ஹாரன். பச்சை எப்போதோ விழுந்திருந்தது. அவள் காலை எடுத்தாள். வண்டி ஒரு சின்ன உதறலோடு உயிர்பெற்று நகர்ந்தது.

* * *

மூன்று வாரமாக இதே பாட்டுதான். மதியம் ஆனால் பெரியவன் வருகிறான் என்கிறார் மாமனார். கீழே வண்டியை நிறுத்துகிறான், ஆனால் மேலே வருவதில்லை என்கிறார். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் மூத்த மகனுக்கும் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த சின்னவன் அன்றைக்கே முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டுவிட்டான்.

அவர் சொல்வதில் ஒரு விஷயம் மட்டும் உண்மை. கணவர் இருந்த காலத்தில் மதியச் சாப்பாட்டுக்கு வருவார். வந்ததும் மாடி ஏற மாட்டார். ஏசியைப் போட்டுக்கொண்டு, இன்ஜின் ஓட ஓட, வண்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால் "சும்மா" என்பார். சும்மா என்ற சொல்லை நம்பிக் குடித்தனம் நடத்தும் மனைவிகளில் அவளும் ஒருத்தி.

மற்றதெல்லாம் பிரமை என்று அவள் சத்தியம் செய்வாள். ஏனென்றால் காது அவள் தொழில். ஒரு கிளினிக்கில் செவித்திறன் பரிசோதிக்கிறாள். அங்கே வரும் குழந்தைகளுக்கு அவள் 'காது டீச்சர்'. சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா மட்டும் இந்த பட்டனை அழுத்துங்க" என்பாள். இன்று காலைகூட ஒருவர், அவள் எந்த ஒலியும் அனுப்பாத நேரத்தில் அழுத்து அழுத்து என்று அழுத்தினார். கேட்க வேண்டும் என்ற ஆசை மிகுந்தால் அப்படித்தான். இல்லாததும் கேட்கும்.

மாமனார் ஆயுள் முழுக்க அச்சகத்தில் பெரிய மெஷின் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தவர். அவர் காதை அவளே சோதித்திருக்கிறாள். மதியத்தில் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பார். தலைமாட்டில் நின்று கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டார். அப்படிப்பட்டவருக்குக் கீழே வண்டி நிற்பது மட்டும் எப்படிக் கேட்கும்?

இதை அவள் சின்னவனிடம் சொன்னாள். அவனும் ஆமாம் என்றான். அந்த ஆமாமில்தான் இல்லத்து ஏற்பாடு முடிவானது.

இன்னொன்றும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குப் பொறாமை. அப்பாவிடம் வருகிறவர் தன்னிடம் ஏன் வரவில்லை என்று பொறாமை. படித்தவள், தொழில் தெரிந்தவள், இதையெல்லாம் நம்பாதவள். ஆனாலும் ஒவ்வொரு சிக்னலிலும் இன்ஜின் அடங்கும்போது, பக்கத்து சீட்டை நோக்கிக் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

* * *

வீடு ஒரு சரிவில் இருந்தது. கார் ஷெட் தெருவை விடத் தாழ்வாக, வீட்டுக்கு அடியில். அதற்கு நேர்மேலே மாமனார் அறை. ஷெட்டிலிருந்து ஒரு மரப்படி நேராக அவர் அறை வாசலுக்கு ஏறும்.

உள்ளே போனதும் ஷட்டர் பின்னால் தானாக இறங்கியது. அவள் பிரேக்கை மிதித்தாள். இன்ஜின் அடங்கியது. கியரை பார்க்கிங்கில் தள்ளி, பெல்ட்டை அவிழ்த்து, சாவி கிடந்த கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்; செருகத் தேவையில்லாத சாவி, வண்டிக்குள் இருந்தாலே போதும். டேஷ்போர்டில் சின்ன விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் தானாக அணையும் என்பது அவள் எண்ணம். குடும்பங்களில் இருக்கும் பல எண்ணங்களைப் போல இதையும் யாரும் சரிபார்த்ததில்லை.

முன்பெல்லாம் இப்படி இறங்கினால் பீப் பீப் என்று கத்தி ஊரைக் கூட்டும். அவள் திரும்பி வந்து எதையோ அழுத்தி வாயை அடைப்பாள். கொஞ்ச நாளாகக் கத்துவதில்லை. ஒரு வழியாக வண்டிக்குத் தன்னைப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் மதியம் கிளம்பும்போது மட்டும் ஒரு வீம்பு. முதல் அழுத்தலுக்கு மசியாது; இரண்டாவது அழுத்தலுக்குத்தான் கிளம்பும்.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. காலில் ஷூ. பக்கத்தில் பெட்டி. ஊருக்குப் போகக் காத்திருப்பவர் மாதிரிதான் இருந்தார். முகம் மட்டும் நேற்றைய சிவப்பு விடாமல், கண் சொருகலாக இருந்தது.

அவள் காதருகே குனிந்தாள். "தலை வலிக்குதா மாமா?"

"மதியமானா வலிக்குதும்மா. டாக்டர் மாத்திரையால வருதுங்கறார். அந்த டாக்டருக்கு எல்லாமே மாத்திரைதான். குடுக்கறதும் மாத்திரை, குத்தம் சொல்றதும் மாத்திரை."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. சின்னவன் கதவில் சாய்ந்து நின்றான்.

"தம்பி, இன்னும் ஒரு வாரம் பாக்கலாமே."

"பாத்து? நேத்து என்ன பண்ணார் தெரியுமா? படியில பாதி இறங்கி, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறார். கேட்டா, அண்ணன் மேல வர மாட்டேங்கறான், நான் போய்க் கூட்டிட்டு வரேங்கறார். விழுந்தா யார் இருக்கா? நீங்க கிளினிக்ல. நான் பொணமாத் தூங்கறேன்." அவன் குரல் உடைந்தது. "எனக்கு மட்டும் ஆசையா அண்ணி? அண்ணனும் போயி, இவரையும் அனுப்பிட்டு, இந்த வீட்டுல நான் யாரோட சண்டை போடறது?"

அவனை அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கொழுந்தனின் தோளைத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

சாப்பாடு போட்டாள். யாருக்கும் இறங்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பும்போது மாமனார் ஒரு விரலை உயர்த்தினார்.

"வந்துட்டான்."

காது மெஷின் அலமாரியில், அதன் டப்பாவுக்குள் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

"கேக்குதா மாமா?"

"கேக்கலம்மா. யார் கேக்குதுன்னு சொன்னா? வருதுன்னுதானே சொன்னேன்." அவள் கையைப் பிடித்து இழுத்தார். கட்டிலின் இரும்புச் சட்டத்தின் மேல் அவள் உள்ளங்கையை வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினார். "மெஷின் ஓடுதா நிக்குதான்னு நாங்க காதாலயா பாத்தோம்? அந்தச் சத்தத்துல காது எங்க கேக்கும்? கையை வெச்சுப் பாப்போம். இப்ப பாரு."

இரும்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

மிக மெல்லிய நடுக்கம். கட்டில் கால் வழியாக, தரை வழியாக, அடியிலிருந்து ஏறி வந்தது. சீராக, விடாமல்.

காது டீச்சருக்கு அந்த நொடியில்தான் தன் தொழில் ஞாபகம் வந்தது. அச்சகத்துக் காது இழப்பது கீச்சுச் சத்தங்களை. பேச்சை, மணியை, கதவு தட்டுவதை. அடித்தொண்டை உறுமல் கடைசி வரைக்கும் மிஞ்சும். கையிலும் எலும்பிலும்கூட வந்து சேரும். தினமும் பத்துப் பேருக்கு இதை விளக்கிச் சொல்பவள், தன் வீட்டில் மறந்திருந்தாள்.

ஆனால் அந்த அறிவெல்லாம் அப்புறம்தான். முதலில் வந்தது வேறு. தட்டுகள் கையிலிருந்து நழுவின. அவர்தான். அவரேதான். மூன்று வாரமாகக் கீழே உட்கார்ந்திருக்கிறார், நான் போய்க் கூப்பிடவில்லை. வெட்கம், பயம், சந்தோஷம் எல்லாம் ஒன்றாக வர, மரப்படியில் தடதடவென்று இறங்கினாள்.

ஷெட்டில் சூடான, கனத்த காற்று. புகை நாற்றம். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டு வெளிச்சம் டிரைவர் சீட்டின் மேல் விழுந்திருந்தது.

சீட் காலி.

"ஏங்க..." என்றாள்.

பத்து மாதமாக அவள் உதட்டில் வராத சொல். வந்துவிட்டது. அவள் சொல்லி வாய் மூடியதும் இன்ஜின் நின்றது.

தானாக. யாரும் தொடாமல். அந்த மௌனத்தில் அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தபடியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலை சுற்றியது. வண்டியின் மேல் கையூன்றினாள். தகடு சுட்டது.

"அண்ணி! வெளிய வாங்க! அங்க நிக்காதீங்க!"

சின்னவன் அவளைத் தாண்டி ஓடி ஷட்டரைத் தூக்கினான். வெயிலும் காற்றும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன.

* * *

மாமனாரை இருவரும் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து, தெருவோர மர நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சின்னவன் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, காது மெஷினை எடுத்துவந்து அவருக்கு மாட்டினான்.

"நீங்க வண்டியை ஆஃப் பண்ணலையா அண்ணி?"

"அதான் நின்னுடுச்சே."

"நின்னது இன்ஜின். வண்டி நிக்கல. சிக்னல்ல நிக்கற மாதிரிதான் அது. பட்டனை அழுத்தி நீங்கதான் ஆஃப் பண்ணணும்."

"நின்ன இன்ஜினை எதுக்கு அழுத்தணும்? அழுத்தினா மறுபடி கிளம்பிடும்னு..." அவள் நிறுத்தினாள். முதல் அழுத்தலுக்கு மசியாத வண்டி. முதல் அழுத்தலில் அணைந்து, இரண்டாவதில் கிளம்பியிருக்கிறது. மூன்று வாரமாக.

"உள்ள குளிர் குறைஞ்சா இன்ஜின் தானா ஓடும். குளிர்ந்ததும் நிக்கும். மூடின ஷெட்டுக்குள்ள அந்தப் புகையெல்லாம் படி வழியா எங்க போகும்? அப்பா ரூமுக்குத்தான்." அவன் தலையில் கை வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். "தலைவலி, மயக்கம், செவந்த முகம்... நாம என்னடான்னா புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பொட்டி கட்டறோம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா நேரா அண்ணன்கிட்டயே அனுப்பியிருப்போம் அண்ணி."

அவள் மாமனாரின் காலருகே உட்கார்ந்துகொண்டாள். நான்தான் செய்தேன், என் கையால்தான் செய்தேன் என்று உள்ளே ஒரு குரல் விடாமல் சொன்னது.

சின்னவன் சட்டென்று தலையைத் தூக்கினான். "ஆனா சாவியை எடுத்துக்கிட்டு இறங்கினா அது கத்துமே?"

"முன்னெல்லாம் கத்தும். இப்ப கத்தறதில்ல."

"அப்படின்னா வண்டிக்குள்ள இன்னொரு சாவி இருக்கணும். உள்ள ஆள் உக்காந்திருக்கான்னு நெனச்சுக்கிட்டு அது பாட்டுக்கு ஏசியை ஓட்டிக்கிட்டிருக்கு." சொன்னவனே தன் வார்த்தையைக் கேட்டு விழித்தான். "ராத்திரில பூட்ட வராம மக்கர் பண்ணும், நானும் கண்டபடி திட்டுவேன்..."

இருவரும் வண்டியைப் புரட்டினார்கள். சீட்டுக்கு அடியில், கதவுப் பைகளில், டிக்கியில். கடைசியில் அவள், முன் கண்ணாடிக்கு மேலே கணவர் மூக்குக் கண்ணாடி வைக்கும் சின்ன மூடியைத் திறந்தாள். பிய்ந்த தோல் வளையத்தோடு அவர் சாவி அவள் கையில் விழுந்தது.

அதைக் கைக்குள் மூடிக்கொண்டு நிழலுக்கு வந்தாள். அவள் கேட்கவே தேவையிருக்கவில்லை.

"நான்தான் வெச்சேன்" என்றார் மாமனார். "ராத்திரி பகலா யோசிச்சேன். சாவி என்கிட்ட இருக்கு. அவன் எப்படி வருவான்? இறங்கிப் போய் வெச்சுட்டு வந்தேன். மறுநாளே வந்துட்டான்."

சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவர் அவளையே பார்த்தார். புகையும் மாத்திரையும் விலகி, கண் தெளிந்திருந்தது. "அப்ப அது அவன் இல்லையாம்மா?"

பொய் சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மறுபடி ஒரு மதியம் இவர் கீழே இறங்கிப் போவார்.

"இல்ல மாமா. வண்டிதான்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு தகப்பனிடமிருந்து மகனை இரண்டாம் முறை பிடுங்கியது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை, அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

இல்லத்து வண்டி அந்த நேரம் பார்த்து வந்து நின்றது. "பெரியவர் ரெடியா?" என்று சிரித்த முகத்தோடு ஓர் அம்மாள் இறங்கினாள்.

"ரெடிதான். ஆனா உங்க இடத்துக்கு இல்ல" என்றான் சின்னவன். "அவர் எங்கயும் வரல. புண்ணியமாப் போகும், ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்து விடுங்க. புகை குடிச்சிருக்கார்."

அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைத் திறந்தாள். ஏறும்போது மாமனார் நின்றார். மருமகளின் மூடிய கையைத் தொட்டார்.

"அதை இனிமே நீயே வெச்சுக்கோம்மா. உனக்குத்தான் குடுக்கச் சொன்னான்."

"யாரு மாமா?"

"அவன்தான். கடைசியாப் போனானே, அன்னிக்குக் காலையில. என் ரூமுக்கு வந்து கையில வெச்சான். 'இனிமே இது எனக்கு வேண்டாம்ப்பா. அவ எழுந்ததும் குடுத்துடுங்க'ன்னான். நான் குடுக்கல. குடுத்தா அவன் திரும்ப வர மாட்டான்னு மனசுக்குப் பட்டுது."

கதவு சாத்திக்கொண்டது. சின்னவன் ஜன்னல் வழியாகக் கேட்டான். "அண்ணி, உங்களுக்கும் தலை சுத்துதே, ஓட்டிடுவீங்களா? இல்ல, இதுலயே வந்துடறீங்களா?"

"காத்துல நின்னதுல தெளிஞ்சிடுச்சு. பின்னாலயே வரேன்" என்றாள்.

ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். மடியில் இரண்டு சாவிகள். ஒன்று அவருடையது. இன்னொன்று அவளுடையது, அவர் இறந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொடுத்தது. அவசரத்தில் மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவசரத்தில் போகிறவர் அப்பாவின் அறைக்கு ஏன் போனார்? வேண்டாம் என்று தன் சாவியை வைத்துவிட்டு, அவள் சாவியை எடுத்துக்கொண்டு, அந்தக் காலையில் எங்கே புறப்பட்டார்?

சிக்னலில் சிவப்பு. அவள் பிரேக்கை மிதித்தாள். இன்ஜின் அடங்கியது.

அவளுக்கு இப்போது ஒன்று புரிந்தது. அன்று அவர் கால் தளர்ந்து வண்டி தானாகக் கிளம்பியது என்றால், அதற்கு முன்னால் அது தானாக நின்றிருக்கிறது. அவர் தினமும் தவறாமல் அழுத்தும் அந்த பட்டனை, அன்று அழுத்தவில்லை; இது இனி தன் வண்டி இல்லை என்று தீர்மானித்துவிட்டவரைப் போல.

முன்னால் இல்லத்து வண்டி நகர்ந்து போயிற்று. பச்சை விழுந்து, பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன்கள் கத்தின. அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.